இரண்டு தொகுதிகளும் இழுபறியாகவே இருக்கட்டும்: நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநிலக் கீழவை உறுப்பினர்கள் 400 பேருக்கும், மாநில செனட் உறுப்பினர்கள் 24 பேருக்கும் வணக்கம்.

நாஷுவா நகரில் வசிக்கும், எந்தக் கட்சியிலும் பெயரைப் பதிந்துகொள்ளாத ஒரு வாக்காளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க காங்கிரஸின் பிரதிநிதிகள் அவைக்கு நம் மாநிலம் அனுப்பும் இரண்டு உறுப்பினர்களின் தொகுதி எல்லையை 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியும்வரை தொடாதீர்கள். அதற்குப் பிறகு வரையும்போதும், எந்த ஊர் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு அளித்தது என்ற கணக்கைப் பார்க்காமல்தான் வரைய வேண்டும் என்று இப்போதே ஒரு சட்டம் இயற்றி வையுங்கள். இதே மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். நாஷுவா, சேலம், பெட்ஃபோர்டு பக்கங்களில் வாழும் தமிழ் வாக்காளர்கள் பலரும் அதிபர் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் பேசினாலும் தொகுதி எல்லையை யார் வரைகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை என்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று தமிழில் வெளியிடுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுப்பை ஒட்டி நடக்க வேண்டிய எல்லை வரைவு, 2025-இல் நாடெங்கும் கட்சிகளின் போர்க்கருவியாகிவிட்டது. அந்த ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் கிடைக்கும் வகையில் எல்லைகளை மாற்றியது. அதற்குப் பதிலடியாக, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடும் வகையிலான வரைபடத்துக்குக் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நவம்பரில் ஒப்புதல் அளித்தார்கள். மிசூரியும் வட கரோலினாவும் டெக்சாஸ் வழியில் சென்றன. இந்தியானாவில் மட்டும், அதிபரே நேரடியாக வலியுறுத்தியும், அவருடைய சொந்தக் கட்சி பெரும்பான்மை வகிக்கும் மாநில செனட் டிசம்பரில் புதிய வரைபடத்தைத் தோற்கடித்தது. நம் மாநிலத்தின் பெயரும் இந்தப் பேச்சில் அடிபட்டது. ஆளுநர் கெல்லி ஏயாட், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே இதற்கான வேளை இதுவல்ல என்று கூறித் தள்ளிவிட்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் நம் ஆளுநரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள், உங்களுடையதும் அப்படித்தான். ஒருவரது மன உறுதியை மட்டும் நம்பி ஒரு மாநிலத்தின் வாக்குரிமையை விட்டுவைக்க முடியாது.

நியூ ஹாம்ப்ஷயருக்கு 1883 முதல் இரண்டே இடங்கள். கிழக்கே மான்செஸ்டர், லக்கோனியா, கான்வே, கடற்கரைப் பக்கத்தில் போர்ட்ஸ்மத், டோவர் ஆகியவற்றைக் கொண்டது முதல் தொகுதி. நாஷுவாவில் தொடங்கி, தலைநகர் கான்கார்டு, கீன், லெபனான் வழியாகக் கனடா எல்லைவரை நீள்வது இரண்டாம் தொகுதி. இவற்றைப் பிரிக்கும் கோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றி இருந்து வருகிறது. கணக்கெடுப்பு வரும்போதெல்லாம், மக்கள்தொகையைச் சமன்படுத்த ஓரத்தில் உள்ள சில ஊர்களை இப்பக்கமிருந்து அப்பக்கம் மாற்றுவார்கள், அத்தோடு சரி. இரு தொகுதியிலும் இரு கட்சியினரும் கலந்தே வாழ்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரு கட்சி என்று சொல்லத்தக்க பெரும்பகுதி நம் மாநிலத்தில் இல்லை. ஆகவே, எவரும் திட்டமிடாமலேயே இரண்டும் இழுபறித் தொகுதிகளாக அமைந்தன.

அந்த இழுபறி நமக்கு என்ன தந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கட்சி அலுவலகங்களில் அது இழப்புக் கணக்காக மட்டுமே பார்க்கப்படுகிறது. 2006-இல் முதல் தொகுதியின் உறுப்பினர் குடியரசுக் கட்சியின் ஜெப் பிராட்லி. அவருடைய ஊர்க் கூட்டங்களுக்குப் போய் எழுந்து நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கேரல் ஷே-போர்ட்டர் என்ற சமூகப் பணியாளர், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மாநிலக் கீழவையின் கட்சித் தலைவரைத் தோற்கடித்தார். கட்சியின் தேசியத் தேர்தல் குழு அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. வெல்வார் என்று அது நம்பவுமில்லை. நவம்பரில் அவர் பிராட்லியை வென்றார். 2008-இலும் வென்றார். 2010-இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த, மான்செஸ்டரின் முன்னாள் மேயர் ஃபிராங்க் கின்டாவிடம் தோற்றார். 2012-இல் கின்டாவைத் தோற்கடித்தார். 2014-இல் கின்டாவிடம் மீண்டும் தோற்றார். 2016-இல் ஒரு சுயேச்சை வேட்பாளரும் கணிசமான வாக்குகளைப் பிரித்த போட்டியில், வெறும் 44 விழுக்காட்டு வாக்குகளோடு கின்டாவை மறுபடி வென்றார். பத்தாண்டுக்குள் அந்த ஒரு நாற்காலி ஐந்து முறை கைமாறியது.

இரண்டாம் தொகுதியும் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு உறுப்பினராக இருந்த குடியரசுக் கட்சியின் சார்லி பாஸை 2006-இல் ஜனநாயகக் கட்சியின் பால் ஹோட்ஸ் தோற்கடித்தார். 2010-இல் பாஸ் மீண்டு வந்து, ஜனநாயகக் கட்சியின் ஆன் கஸ்டரை ஒன்றரை விழுக்காடு அளவிலான வித்தியாசத்தில் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து அதே கஸ்டர் அதே பாஸைத் தோற்கடித்தார்.

இதை நிலையின்மை என்று சிலர் குறைகூறுவார்கள். அனுபவமுள்ள உறுப்பினர் குழுத் தலைமைக்கு வருவதற்குள் தூக்கியெறியப்படுகிறார் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. மூத்த உறுப்பினர்களைக் கொண்ட மாநிலங்களுக்கு வாஷிங்டனில் கிடைக்கும் செல்வாக்கு நமக்குக் குறைவுதான். ஆயினும் ஈராக் போர், நிதி நெருக்கடி, மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் என்று நாடு புரண்டுகொண்டிருந்த அந்தப் பத்தாண்டில், தன் எண்ணம் மாறியபோதெல்லாம் அதை வாக்குச்சீட்டால் தெரிவிக்க முடிந்த சில தொகுதிகளில் நம்முடையதும் ஒன்று. நாட்டின் பெரும்பாலான தொகுதிகளில் மக்கள் எத்தனை கோபப்பட்டாலும் முடிவு மாறாது. இங்கே மாறியது. தோற்கும் சாத்தியம் உள்ள உறுப்பினர்தான் தன்னை எதிர்த்து வாக்களித்தவரின் கேள்விக்கும் நின்று பதில் சொல்வார். மேலிடத்தின் ஆசி இல்லாத ஒரு சமூகப் பணியாளரும் நம்பிக்கையோடு மனு தாக்கல் செய்யத் துணிவதும் அத்தகைய இடத்தில்தான்.

ஒவ்வொரு வாக்கும் இங்கே எவ்வளவு கனமானது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1974 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் லூயிஸ் வைமன் 355 வாக்குகளில் வென்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. மறுவாக்கு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஜான் டர்க்கின் 10 வாக்குகளில் முந்தினார். மாநிலத்தின் வாக்குச்சீட்டு ஆணையம் மறுபடி பார்த்தபோது வைமன் 2 வாக்குகளில் வென்றதாக முடிந்தது. அமெரிக்க செனட் மாதக்கணக்கில் விவாதித்தும் தீர்க்க முடியாமல், இடம் காலி என்று அறிவித்தது; 1975 செப்டம்பரில் நடந்த மறுதேர்தலில் டர்க்கின் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அண்மைக்கு வந்தால், 2016-இல் மேகி ஹாசன் இன்றைய ஆளுநர் ஏயாட்டை 1,017 வாக்குகளில் தோற்கடித்துத்தான் செனட்டுக்குப் போனார். அதே நாளில் ஹிலரி கிளிண்டன் இந்த மாநிலத்தை வென்றது 2,736 வாக்குகளில். செனட் தேர்தலுக்கும் அதிபர் தேர்தலுக்கும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அதன் எல்லையை உங்களால் மாற்ற முடியாது. உங்கள் பேனா எட்டுவது பிரதிநிதிகள் அவையின் அந்த இரண்டு இடங்களை மட்டுமே. அதனால்தான் அந்தப் பேனாவைப் பற்றிப் பேசுகிறேன்.

2022-இல் அது எங்கே போனது என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அன்றும் அவையில் இருந்தீர்கள். 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 13,77,529. இரண்டாகப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 6,88,765 பேர். முதல் தொகுதி சற்றே பெருத்திருந்தது. ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு அப்பக்கம் மாற்றினால் கணக்கு நேராகிவிடும். வேலை அவ்வளவுதான். ஆனால் அவையின் பெரும்பான்மையான குடியரசுக் கட்சி தயாரித்து நிறைவேற்றிய வரைபடம் மாநிலத்தையே புரட்டிப் போட்டது. முதல் தொகுதி குடியரசுக் கட்சிக்கும், இரண்டாம் தொகுதி ஜனநாயகக் கட்சிக்கும் உறுதியாகச் சாயும்படி ஊர்கள் இடம் மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பொது விசாரணை நடத்தினீர்கள். ஆனால் மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல அப்போது கையில் வரைபடம் எதுவும் இல்லை. வரைபடம் வந்தபோது மாவட்டந்தோறும் கேட்ட காதுகள் திரும்பி வரவில்லை.

அந்த வரைபடத்தைத் தடுத்து நிறுத்தியவர் பெரும்பான்மைக் கட்சியையே சேர்ந்த ஆளுநர் கிறிஸ் சுனுனு. போட்டியுள்ள தொகுதிகளே தேவை என்று கூறி அதை வீட்டோ செய்தார். கூட்டத்தொடரின் இறுதியில் இன்னொரு வரைபடம் வந்தது. அது அன்றைய பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களான முதல் தொகுதியின் கிறிஸ் பாப்பாஸ், இரண்டாம் தொகுதியின் கஸ்டர் இருவரையும் ஒரே தொகுதிக்குள் தள்ளியது. அதையும் அவர் ஏற்கவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் நத்தேனியல் பெர்ஸிலியைச் சிறப்பு அலுவலராக நியமித்து, மிகக் குறைந்த மாற்றம் என்ற நெறியில் எல்லையைச் சரிசெய்யச் சொன்னது. அவர் சில சிற்றூர்களை மட்டும் முதல் தொகுதியிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினார். இரண்டு தொகுதிகளின் மக்கள்தொகை வேறுபாடு ஒரே ஒரு நபராக வந்து நின்றது. 2022 மே 31 அன்று, வேட்புமனு தாக்கல் தொடங்கும் தறுவாயில், நீதிமன்றம் அதை ஏற்றது. சில ஊர்களை மாற்றினால் தீரக்கூடிய கணக்கை, பெரும்பான்மை பலம் கொண்ட ஒரு சட்டமன்றத்தால் கூட்டத்தொடர் முழுவதும் தீர்க்க முடியவில்லை என்பது, கணக்கு கடினம் என்பதால் அல்ல.

குடியரசுக் கட்சி உறுப்பினர்களே, உங்கள் மனக்குறையை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2024-இல் டொனால்டு டிரம்ப் இம்மாநிலத்தில் ஏறக்குறைய 48 விழுக்காட்டு வாக்குகள் பெற்றார். ஆளுநர் பதவி உங்களிடம். இரண்டு அவைகளும் உங்களிடம். இருந்தும் வாஷிங்டனில் உள்ள நால்வரும், அதாவது செனட்டர்கள் இருவரும் பிரதிநிதிகள் இருவரும், ஜனநாயகக் கட்சியினர். 2016-க்குப் பின் நீங்கள் காங்கிரஸ் தேர்தல் ஒன்றில்கூட வெல்லவில்லை. பக்கத்து மாசசூசெட்ஸிலோ டிரம்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் வாக்களித்தும் ஒன்பது இடங்களில் ஒன்றுகூட உங்கள் கட்சிக்கு இல்லை. இல்லினாயில் பதினேழில் பதினான்கை ஜனநாயகக் கட்சி தனக்கு வெட்டிக்கொண்டது. ஆகவே ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்கிறீர்கள். பாதிப் பாதி வாக்கு, பாதிப் பாதி இடம். பார்வைக்கு நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்த நியாயம் கட்சிகளுக்கு இடையிலானது. வாக்காளருக்கு அதில் பங்கில்லை. ஆளுக்கு ஒரு கோட்டை என்று கட்டிக்கொடுத்துவிட்டால், அடுத்த பத்தாண்டில் நாட்டில் எது நடந்தாலும் இரு இடங்களின் முடிவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். 2006-இலும் 2010-இலும் 2012-இலும் இம்மாநில மக்கள் மனம் மாறியதை நாடே பார்த்தது. கோட்டை முறையில் அந்த மூன்று மாற்றங்களில் ஒன்றுகூட இடங்களின் எண்ணிக்கையில் தெரிந்திருக்காது. மேலும், இன்றைய எல்லைக்குள் உங்கள் கட்சி தோற்பது எல்லையின் குற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2022-இல் இதே வாக்காளர்கள் சுனுனுவை 15 விழுக்காட்டுக்கும் மேலான வித்தியாசத்தில் ஆளுநராக்கினார்கள். அதே நாளில் முதல் தொகுதியில் கிறிஸ் பாப்பாஸுக்கு ஏறத்தாழ 54 விழுக்காடு கொடுத்தார்கள். 2024-இல் ஏயாட்டுக்கு ஒன்பது விழுக்காட்டு வித்தியாசத்தில் வெற்றி. அதே நாளில் பாப்பாஸும் மேகி குட்லேண்டரும் வென்றார்கள். ஒரே வாக்குச்சீட்டில் ஒரு வரியில் உங்கள் கட்சியையும் மறு வரியில் எதிர்க்கட்சியையும் குறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். இம்மாநிலத்தில் பதிவுபெற்ற வாக்காளரில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினர் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள். அவர்களை வெல்லத்தக்க வேட்பாளரை நிறுத்துங்கள், இந்த எல்லைக்குள்ளேயே இடம் உங்களுக்கு வரும். ஊர்களை இடம் மாற்றி வெல்வதைக் காட்டிலும் அது கடினம்தான். ஆயினும் மதிக்கத்தக்க வழி அதுவே.

கோட்டைத் தொகுதியில் போட்டி முற்றிலும் மறைந்துவிடாது, இடம் மாறும் என்பார்கள். உட்கட்சித் தேர்தலுக்குப் போய்விடும். அங்கே என்ன நடக்கும் என்பதை 2024 செப்டம்பர் 10 அன்று எங்கள் வட்டத்து வாக்குச்சாவடியில் பார்த்தேன். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கயிறு கட்டிப் பிரித்த பகுதி. பெயரின் முதலெழுத்து வாரியாகப் பிரிக்கப்பட்ட பட்டியலோடு மேசைகளில் தன்னார்வலர்கள். என் பெயரைக் கண்டுபிடித்து அளவுகோலால் கோடு போட்ட அம்மையார், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டார். நம் மாநிலச் சட்டப்படி, கட்சி சாராதவர் அந்தக் கணத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வாக்களித்து முடித்தவுடன், வெளியேறும் வழியில் உள்ள மேசையில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு மறுபடி கட்சி சாராதவராகலாம். அமெரிக்காவில் இவ்வளவு திறந்த மனம் கொண்ட ஏற்பாடு அரிது. அதைக் காத்துவருவதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அன்று கூடம் பெரும்பாலும் காலியாக இருந்தது. எங்கள் இரண்டாம் தொகுதியில் கஸ்டர் ஓய்வு அறிவித்து இடம் காலியான ஆண்டு அது. குடியரசுக் கட்சியில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் களத்தில் இருந்தார்கள். அப்படியும், நவம்பரில் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே செப்டம்பரில் வருகிறார்கள். பலர் போட்டியிடும்போது, அந்தச் சிறு கூட்டத்திலும் பெரும்பான்மை பெறாமலேயே ஒருவர் வேட்பாளராகிவிட முடியும்.

இன்று அதற்கு ஒரு மாற்று இருக்கிறது. எட்டு வாரம் கழித்து நவம்பரில் அந்த வேட்பாளர் மாநிலத்தின் மற்ற மக்கள் முன் நின்றாக வேண்டும். தன் கட்சிக்குள் மட்டும் கைதட்டல் வாங்கும் பேச்சு அங்கே செல்லாது. கோட்டைத் தொகுதியிலோ அந்த இரண்டாவது தேர்வு வெறும் சடங்காகிவிடும். செப்டம்பரில் பள்ளிக்கூடத்துக்கு வந்த சிலரே இரண்டு ஆண்டுக்கான முடிவை எடுத்தவர்களாகிவிடுவார்கள். பதியாத நாற்பது விழுக்காட்டினரில் பெரும்பாலோர் அன்று வீட்டில் இருந்ததற்காக வாயடைக்கப்படுவார்கள்.

ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களே, இம்மடல் உங்களுக்கும் உரியது. இரண்டு இடங்களும் இன்று உங்கள் கையில் இருப்பதால், எல்லையைத் தொடாதே என்று சொல்வது உங்களுக்கு எளிது. நாளை பெரும்பான்மை கிடைத்து, கலிஃபோர்னியாவைக் காட்டி, எதிர்த்தரப்பு செய்வதை நாமும் செய்வோம் என்ற குரல் உங்களிடமிருந்து எழுந்தால் என் நிலை மாறாது. உங்கள் தரப்பில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2019-இல் நீங்கள் பெரும்பான்மையாக இருந்தபோது, எல்லை வரையும் பொறுப்பைத் தனி ஆணையத்திடம் ஒப்படைக்கும் மசோதாவை நிறைவேற்றினீர்கள், 2020-இலும் முயன்றீர்கள். சுனுனு இரண்டையும் வீட்டோ செய்தார். வாக்காளருக்குப் பொறுப்பில்லாத ஆணையத்திடம் சட்டமன்றம் தன் கடமையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதும், இம்மாநிலத்தில் எல்லையை வளைக்கும் பழக்கம் அரிது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். இரண்டே ஆண்டுகளில் அவரே தன் கட்சியின் வரைபடத்தைத் தடுக்க வேண்டி வந்தது. அரிதாக இருந்தது, அதுவரை யாரும் துணிந்து கேட்காததால்தான் என்பதை அவரது இரண்டாவது முடிவு காட்டிவிட்டது.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று இனி எவரும் இருந்துவிட முடியாது. ஐந்தாண்டில், பத்தாண்டில் எத்தனை முறை எல்லையை மாற்றலாம் என்பதில் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை என்பது 2006-இல் டெக்சாஸ் வழக்கிலேயே தெளிவாகிவிட்டது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வளைக்கப்பட்டது என்ற முறையீட்டைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்கப் போவதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜூனில் முடிவு சொன்னது. நம் மாநில செனட் தொகுதிகளையும் ஆளுநரின் நிர்வாகக் குழுத் தொகுதிகளையும் பற்றிய வழக்கில், நம் மாநில உச்ச நீதிமன்றமும் 2023 நவம்பரில் அதே வழியில் ஒதுங்கிக்கொண்டது. 2022-இல் நீதிமன்றம் தலையிட்டது, சட்டமன்றமும் ஆளுநரும் ஒத்துப்போகாமல் மக்கள்தொகைச் சமன்பாடு கெட்டுக் கிடந்ததால் மட்டுமே. இருவரும் ஒரே கருத்தில் இருந்திருந்தால் அந்த வரைபடம் இன்று சட்டமாக இருந்திருக்கும். ஆகவே காப்பு என்று ஒன்று இருந்தால் அது நீங்கள் எழுதும் சட்டமாகத்தான் இருக்க முடியும்.

ஆணையம் என்றாலே அச்சம் கொள்பவர்களுக்கு அயோவா மாநிலத்தைக் காட்ட விரும்புகிறேன். 1980 முதல் அங்கே எல்லையை வரைவது சட்டமன்றத்தின் கட்சிசாராச் சேவை அலுவலகம். கட்சிப் பதிவுக் கணக்கையும், பழைய தேர்தல் முடிவுகளையும், பதவியில் இருப்பவர்களின் வீட்டு முகவரியையும் பார்க்க அதற்கு அனுமதி இல்லை. வரைபடத்தை ஏற்கவோ மறுக்கவோ சட்டமன்றத்துக்கே உரிமை. மக்களுக்குப் பொறுப்பில்லாதவர்களிடம் அதிகாரம் போய்விடுகிறது என்ற சுனுனுவின் ஆட்சேபம் அங்கே எழாது. அந்த முறை எந்தக் கட்சிக்கும் வெற்றியை உறுதி செய்வதில்லை. இன்று அயோவாவின் நான்கு இடங்களும் குடியரசுக் கட்சியிடமே உள்ளன. ஆனால் 2020-இல் அங்கே ஒரு தொகுதி 6 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. 2024-இல் ஒரு தொகுதியின் வித்தியாசம் 800-க்கும் குறைவு. ஒரு கட்சி நான்கையும் வென்ற மாநிலத்திலும் வாக்கு செல்லாக்காசாகவில்லை. நான் பிறந்து வளர்ந்த இந்தியாவிலும் தொகுதி எல்லையை வரைவது, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலான ஆணையம்தான்; அதன் முடிவுகளைப் பற்றிப் பெரும் அரசியல் சச்சரவுகள் உண்டு என்றாலும், ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் கையால் கோடு போட்டுத் தன் வாக்காளரைத் தேர்ந்துகொள்வது அங்கே நடவாத காரியம். இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகு எனக்கு மிகவும் விளங்காமல் இருந்தது இதுதான்.

உங்கள் சபையின் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஏறக்குறைய 3,400 பேருக்கு ஓர் உறுப்பினர். ஆண்டுக்கு நூறு டாலர் ஊதியம். வந்து சேரும் மசோதா ஒவ்வொன்றுக்கும் பொது விசாரணை. குடிமக்களுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் சட்டமன்றம் இந்நாட்டில் வேறில்லை. 2022-இல் எழுந்த ஏமாற்றம் அதனால்தான் பெரிதாக இருந்தது. சம்பளத்துக்காக வராதவர்கள், கடைத்தெருவில் அன்றாடம் எங்களைப் பார்ப்பவர்கள், எங்களைக் கட்சிக் கணக்காகப் பிரித்துப் பார்த்தார்கள்.

எனவே மூன்று செயல்களைக் கேட்கிறேன். காங்கிரஸ் தொகுதி எல்லை, கணக்கெடுப்பு வெளிவந்ததை ஒட்டி ஒருமுறை மட்டுமே மாற்றப்படும் என்று சட்டம் செய்யுங்கள். அந்தச் சட்டத்திலேயே, வரைவோர் கட்சிப் பதிவையும், பழைய வாக்குக் கணக்கையும், பதவியில் இருப்போரின் முகவரியையும் பயன்படுத்தக் கூடாது என்றும், மக்கள்தொகைச் சமன்பாட்டுக்குத் தேவையான அளவுக்குமேல் ஊர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் எழுதுங்கள். பெர்ஸிலி காட்டிய குறைந்த மாற்ற நெறியை நம் மாநிலச் சட்டமாக்குவதே இது. வரைபடம் வெளியான பிறகு, பத்து மாவட்டங்களிலும் மறுபடி பொது விசாரணை நடத்தாமல் அதை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது என்பதையும் சேருங்கள்.

இவ்வாண்டு, 2026-இல், செனட்டர் ஜீன் ஷாஹீன் மீண்டும் போட்டியிடவில்லை; அவ்விடத்துக்குப் பாப்பாஸ் போட்டியிடுவதால் முதல் தொகுதி காலியாகிறது. செப்டம்பர் 8 உட்கட்சித் தேர்தல், நவம்பர் 3 பொதுத் தேர்தல். அதே நவம்பர் 3 அன்று உங்கள் 424 இடங்களும் எங்கள் முன் வருகின்றன. ஆகவே உங்களில் மீண்டும் நிற்கும் ஒவ்வொருவரையும், புதிதாக நிற்போரையும், மேற்சொன்ன சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா என்று எழுத்தில் கேட்கப் போகிறோம். எங்கள் வட்டத்து உறுப்பினர்களுக்கான கேள்வித்தாள் இம்மடலோடு அனுப்பப்படுகிறது. செப்டம்பர் 8-க்கு முன் உங்கள் கையெழுத்துடன் பதில் வந்தால், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அதை அப்படியே எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

மதிப்புடன்,
நாஷுவா நகர வாக்காளர் ஒருவர்
இரண்டாம் காங்கிரஸ் தொகுதி, நியூ ஹாம்ப்ஷயர்